ஹம்னா பார்சலுக்கு ஆள் தேடிய படலம்

தான் கட்டிக்கொடுக்கிற சோற்றை யார் வாங்கித் தின்கிறார்கள் என்று ஜுவைரியாவுக்குத் தெரியாது. இதைக் கண்டுபிடித்தவர்கள் கடலோரச் சிறுதொழில் வழிகாட்டு மையத்துக்காரர்கள். அதுவரைக்கும் அவளும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

மரக்காணத்தில் பெரிய ரோட்டிலிருந்து உப்பளத்துக்கு மண்பாதை பிரிகிற முனையில் ஒரு நீலத் தார்ப்பாய், இரண்டு அடுப்பு, ஒரு பெஞ்சு. அந்த பெஞ்சும் பாத்திரம் வைக்கத்தான், உட்கார அல்ல. மகள் பேரில் 'ஹம்னா பார்சல்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தாள். வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்கவேண்டும் என்று இருட்டோடு இறங்குகிற சனம் போகிறபோதே இட்லியும் புளிசோறும் வாங்கிக்கொண்டு போகும். பகலில் லோடு ஏற்றுகிறவர்களுக்குச் சோறும் கறிக்குழம்பும், வெள்ளிக்கிழமையானால் பிரியாணி. புருஷன் நூருல்லா அரபு நாட்டில், தம்மாமில் வண்டி ஓட்டுகிறான். அவன் அனுப்புகிறது வீட்டுக்கு, இந்த முனையில் வருகிறது ஹம்னாவின் படிப்புக்கு என்று கணக்கு. அந்த முனை போனால் படிப்பு போச்சு.

முனைக்குத்தான் ஆபத்து வந்தது. ரோட்டோரக் கடை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் மையத்தின் பரிந்துரை வாங்கவேண்டும், வாங்காத கடை தூக்கப்படும் என்று ஒரு நாள் ஜீப்பில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். பரிந்துரை சும்மா வராது. விளம்பர ஆதரவுத் திட்டத்தில் சேரவேண்டும். விளம்பரம் சும்மா வராது. அதற்கு முன்னால் ஆராய்ச்சி நடக்கவேண்டும். ஆராய்ச்சிக்கு முன்னால் பயிற்சி நடக்கவேண்டும். ஜுவைரியா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தார்ப்பாய்க்காக மனுஷி எதற்குத்தான் தலையாட்டமாட்டாள்?

பயிற்சி ஏசி ஹாலில் நடந்தது. மையத்தின் இயக்குநர் கண்ணாயிரம் மைக்கைத் தட்டிப் பார்த்து, அது வேலை செய்கிறது என்று தெரிந்தபின்னும் இன்னும் இரண்டு தடவை தட்டினார்.

"எங்க மையம் கைவெச்ச தொழில் ஒண்ணுகூட இதுவரைக்கும் நஷ்டத்துல ஓடினதில்ல," என்றார். "ஏன்னா, ஓடல. அவசரப்பட்டு ஓட விடமாட்டோம். ஆராய்ச்சி முடியணும். ஆராய்ச்சி முடிஞ்சுதுன்னு சொல்றதுக்கு இன்னொரு ஆராய்ச்சி முடியணும். பொறுமை இல்லாதவங்க கடைய மூடிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. அதுக்கு மையம் என்னம்மா பண்ணும்?"

எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு ஜுவைரியாவை எழுப்பி நிறுத்தி, அவளுடைய டார்கெட் ஆடியன்ஸ் யார் என்று கேட்டார். அப்படியென்றால் என்ன என்று அவள் கேட்டாள். யாருக்காகச் சமைக்கிறாய், அதைச் சொல் என்றார்.

"யாரு வந்து கேட்டாலும் குடுப்பேன் சார்."

கண்ணாயிரம் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு மெய்யாகவே வலித்தது போலிருந்தது. "கேட்டீங்களா? யாரு வந்தாலும்! இந்த ஒரு மனோபாவத்தாலதான் நம்ம நாடு இப்படி இருக்குது. யாரு வந்தாலும் குடுக்கக் கூடாதும்மா. வரவேண்டியவன் வரணும். வரவேண்டியவன் யாருன்னு நாங்க சொல்லுவோம்."

சொல்லுவதற்கென்றே சென்னையிலிருந்து சகாயராஜ் என்ற ஆய்வு நிபுணர் வந்திருந்தார். அவர் பலகையில் ஒரு ஆளை வரைந்தார். கறுப்புக் கண்ணாடி, தோளில் பை, பக்கத்தில் ஒரு நாய். "இவன் பேரு ரோகன்," என்றார். "சனிக்கிழமை சனிக்கிழமை கார்ல மெட்ராஸ்லேர்ந்து பாண்டிக்குப் போறான். மரக்காணம் தாண்டும்போது அவனுக்கு ஒரு ஏக்கம் வருது. பசி இல்ல, கவனிங்க. பசி எல்லாருக்கும் வரும். ஏக்கம் ரோகனுக்கு மட்டும்தான் வரும்."

"எத்தினி மணிக்கு சார் வருவாரு?" என்று கேட்டாள் ஜுவைரியா. அவளுக்கு ஆள் வருவதற்குள் சோறு தீர்ந்துவிடுமோ என்ற கவலை.

"நல்ல கேள்வி," என்று சொல்லிவிட்டு சகாயராஜ் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் எல்லாருக்கும் பார்சல் சாப்பாடு கொடுத்தார்கள். அது புதுச்சேரியிலிருந்து காரில் வந்திருந்தது. ஆறிப்போய், சாம்பார் டப்பா உடைந்து, அப்பளம் நனைந்து கிடந்தது. கண்ணாயிரம் அதை மிகவும் ரசித்துச் சாப்பிட்டார். ஹாலுக்கும் ஜுவைரியாவின் அடுப்புக்கும் நடுவில் ஒரு தெருதான். அன்றைக்கு அவள் அடுப்பே மூட்டவில்லை, பயிற்சிக்கு வந்துவிட்டாளே!

அவள் என்னவோ மனசு வைத்துத்தான் செய்தாள். அடுத்த சனிக்கிழமை ஒரு பொட்டலம் தனியாகக் கட்டி ஓரமாக எடுத்து வைத்தாள். லாரிக்கு லோடு ஏற்றுகிற பாவாடை என்ற ஆள் அதைப் பார்த்துவிட்டான். யாருக்கு என்றான். ரோகனுக்கு என்றாள். மூன்று மணிக்கு இதைச் சொன்னாள். ஐந்து மணிக்கு தம்மாமிலிருந்து போன் வந்தது.

"யாரு ஜுவைரியா, அந்த ரோகன்?"

"ஐயோ, அப்படி ஆளே கிடையாதுங்க."

"ஆளே இல்லாதவனுக்கா சோறு கட்டி வைக்கிறே?"

"மையத்துல சொன்னாங்க. பலகைல வரைஞ்சு காட்டினாங்க. நாய்கூட இருக்குது."

"நான் லீவு போட்டுட்டு வரவா?" என்றான் நூருல்லா. அவனைச் சமாதானப்படுத்துவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ரோகன் வரவில்லை. பொட்டலத்தைப் பாவாடைதான் தின்றான், ரோகன் கொடுத்துவைத்தவன் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

இதற்குள் ரமலான் பிறந்துவிட்டது. சகாயராஜ் களஆய்வுக்கு இறங்கியதும் அப்போதுதான். காலை உணவை முடித்துக்கொண்டு, பதினொன்றரை மணிக்கு, குடையோடு வந்தார். அந்த நேரத்தில் உப்பளத்தில் காக்காகூட இருக்காது. கண்ணுக்கெட்டின தூரத்துக்குப் பாத்தி பாத்தியாக வெள்ளை வெயில்தான் இருந்தது. அவர் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, 'மனித நடமாட்டம் இல்லாத பகுதி' என்று பதிவு செய்தார்.

பிறகு கடைக்கு எதிரில் நின்று கவனித்தார். ஜுவைரியா மத்தியானக் கறிக்குழம்பை இறக்கியிருந்தாள். நோன்பு நேரத்தில் விடியற்காலைச் சமையல் அவளுக்குப் பிரச்சினையில்லை, சஹர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கிறபோதே ருசி பார்த்து முடித்துவிடுவாள். பகல் சமையலுக்குத்தான் அடுத்தவர் நாக்கு வேண்டும். உப்பளத்தில் வேலை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சவரியம்மாளைக் கூப்பிட்டாள்.

"சவரியக்கா, கொஞ்சம் உப்பு பாரேன்."

"எது, கறிக்கொழம்பா? எனக்குத் தவக்காலம்டி. கறி தொடமாட்டேன்."

"எனக்கு நோன்பு."

"நீ நோன்பு, நானு தவக்காலம், இந்தக் கொழம்புக்கு யாருதான்டி ஜாமீன் குடுக்கிறது?"

இருவரும் சேர்ந்து பாவாடையைக் கூவினார்கள். அவன் ஓடிவந்து உள்ளங்கையில் விட்டு நக்கினான். சந்தேகமாக இருக்கிறது என்று இன்னொரு தடவை வாங்கி நக்கினான். உப்பு சரி என்று தீர்ப்பு சொல்வதற்குள் மூன்று கரண்டி போயிருந்தது.

சகாயராஜ் எழுதிக்கொண்டார்: உரிமையாளரே தன் பொருளைச் சாப்பிட மறுக்கிறார். வாடிக்கையாளரும் அஞ்சுகிறார். மூன்றாம் நபர் மீது சோதித்துப் பார்க்கப்படுகிறது.

ஜுவைரியா பதறிப்போனாள். "சார், நோன்பு சார் எனக்கு. அதாலதான்."

"எனக்குத் தெரியும்மா," என்றார் சகாயராஜ் அன்பாக. "எனக்கும்தான் தவக்காலம் நடக்குது. ஆனா ஆராய்ச்சியில நமக்கு ஏற்கெனவே தெரிஞ்சது எதையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தா அது ஆராய்ச்சி இல்ல."

ரோகனை மட்டும் அவர் விடவில்லை. மரக்காணத்தில் கிடைக்காததால் குயிலாப்பாளையம்வரைக்கும் போய் விருந்தினர் விடுதிகளில் தேடினார். ரோகனைப் போலவே கண்ணாடி போட்ட ஒரு வெளிநாட்டுக்காரர் அகப்பட்டார். நாயும் இருந்தது. அவர் உப்பு சாப்பிடுவதில்லை, எண்ணெய் சாப்பிடுவதில்லை, வேகவைத்தது எதையும் தொடுவதில்லை. மறுநாள் ஜுவைரியாவுக்கு உத்தரவு வந்தது: சமையலில் உப்பைப் படிப்படியாகக் குறைக்கவும். உப்புத்தண்ணீரில் நின்று வேர்த்து ஊற்றுகிற சனத்துக்கு உப்பில்லாத புளிசோறு கட்டிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். அந்த உத்தரவு மட்டும் தனக்கு வரவில்லை என்று வைத்துக்கொண்டாள்.

இத்தோடு விட்டிருந்தால்கூட பரவாயில்லை. ஒரு சாயந்திரம், போட்டியாளர் ஆய்வு என்று சொல்லி, கண்ணாயிரமும் சகாயராஜும் அவளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். பள்ளிவாசல் தெரு திரும்பினதும் கண்ணாயிரம் "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினார்.

நோன்புக்கஞ்சிக்கு வரிசை நின்றிருந்தது. தூக்குவாளி, சொம்பு, டிபன் கேரியர், குக்கரைக்கூட ஒருத்தி தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள், ஆட்டோக்காரர்கள், உப்பளத்துப் பெண்கள், குப்பத்து ஆட்கள் எல்லாரும் கலந்து நின்றார்கள். வருஷா வருஷம் நிற்கிற வரிசைதான். ஊரில் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

"அத்தனை பேரும் பார்சல்!" என்றார் கண்ணாயிரம். "ஒருத்தன்கூட உக்காந்து சாப்பிடல. யாரு இந்த மார்க்கெட் லீடர்?"

பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிற முத்தவல்லி முஜீப் ரஹ்மானை வரவழைத்தார்கள். அவர் கையில் கரண்டியோடு, தொப்பியெல்லாம் ஆவியில் நனைந்து, சலாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"விலை என்ன வெச்சிருக்கீங்க?"

"விலை கிடையாதுங்க. எல்லாருக்கும் குடுக்கிறதுதான்."

கண்ணாயிரமும் சகாயராஜும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "போட்டிக்காரனை ஒழிச்சுக்கட்டுற விலை," என்றார் சகாயராஜ் மெல்ல. பிறகு முத்தவல்லியிடம் திரும்பி, "ஹம்னா பார்சலை அழிக்கணும்னு எப்போ முடிவு எடுத்தீங்க?" என்றார்.

முஜீப் ரஹ்மானுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜீப்பில் உட்கார்ந்திருந்த ஜுவைரியாவைப் பார்த்தார். "என்னம்மா இது? நேத்துகூட நீதானே கஞ்சிக்கு இஞ்சி பூண்டு நசுக்கிக் குடுத்தே?"

ஜுவைரியாவுக்கு ஜீப்பிலிருந்து குதித்து ஓடிவிடலாமா என்றிருந்தது. "ஆமா மாமா," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. சகாயராஜ் எழுதினார்: உரிமையாளருக்குப் போட்டி நிறுவனத்தோடு ரகசியத் தொடர்பு உண்டு. அன்றைக்கு இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு தூக்கு கஞ்சி வாங்கிக்கொண்டுதான் போனார்கள், ஆய்வுக்கூடத்துக்கு என்று சொல்லி. தூக்கு திரும்பி வரவில்லை.

நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம் முடிவை வெளியிட்டார்கள். அதே ஏசி ஹால். திரையில் மரக்காணத்தின் படம் விரிந்தது. ஆட்கள் எங்கே கூடுகிறார்கள் என்று வானத்திலிருந்து டிரோன் விட்டு எடுத்தார்களாம். விடியற்காலையில் சகாயராஜால் எழுந்திருக்க முடியாது, டிரோனால் முடியும். படம் முழுக்க வெளிர் மஞ்சள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ரத்தம் கொட்டினாற்போல் சிவப்பு.

"பாருங்க," என்றார் கண்ணாயிரம். "தினமும் விடியக்காலையில இந்த முனையில ஜனம் கூடுது. ஏன் கூடுதுன்னு தெரியல. காத்து நல்லா வருதா, வாஸ்துவா, விஞ்ஞானம்தான் இனிமே சொல்லணும். ஆனா கூடுது. அத்தனை பேர் கையிலயும் பாத்திரம் இருக்குது. நம்ம டார்கெட் ஆடியன்ஸ் இதுதான். மூணு மாச உழைப்பு!"

ஜுவைரியா எழுந்தே விட்டாள். "சார், அது என் கடைங்க. நான் அங்க இருக்கிறதாலதான் அவங்க அங்க வர்றாங்க."

ஹாலில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. கண்ணாயிரம் கையமர்த்தினார். "தொழில் பண்ற எல்லாரும் இப்படித்தாம்மா நினைச்சுக்கிறாங்க. நம்மாலதான் நடக்குதுன்னு ஒரு மயக்கம். எனக்கே இந்தப் பதவியில உக்காந்த புதுசுல அது இருந்துச்சு. ஒரு வருஷம் லீவுல போனேன். மையம் அப்படியே நடந்துச்சு. அன்னிக்குத் தெளிஞ்சேன்." பிறகு குரலை உயர்த்தினார். "ஹம்னா பார்சலின் விளம்பரப் பலகை அந்த முனையிலேயே வைக்கப்படும். முழுச் செலவும் மையத்தோடது. பரிந்துரையும் அன்னிக்கே கையில குடுக்கிறோம்."

கைதட்டல் அடங்குகிறவரைக்கும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பரிந்துரை கிடைத்துவிட்டது! ஹம்னா காலேஜுக்குப் போவாள்! கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. அதன்பிறகுதான் கேட்டாள், "பலகை அங்க வெச்சா, அடுப்பை எந்தப் பக்கம் சார் தள்ளிக்கிறது?"

"அடுப்பா? அதை எடுத்துடுவோம்மா. தார்ப்பாய் பலகையோட காலை மறைக்குது."

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் வந்தார்கள். நாலு ஆட்கள் தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கண்ணாயிரம் கண்ணாடிச் சட்டம் போட்ட பரிந்துரையை அவள் கையில் கொடுத்து போட்டோவுக்கு நின்றார். "இனிமே உங்க கடையை யாராலயும் தூக்க முடியாது," என்றார். அட்டைப் பலகையும் பெஞ்சும் டெம்போவில் ஏறின. ஜுவைரியா கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தாள். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான்.

பனை உயரத்துக்குப் பலகை எழும்பியது. அதில் ரோகன் சிரித்தான். அவன் கையில் யாரோ சமைத்த பிரியாணி, அதன் தலையில் ஒரு செர்ரிப் பழம். 'ஹம்னா பார்சல் — உங்கள் அருகிலேயே!' என்று எழுதியிருந்தது. உச்சியில் ஆள் எண்ணுகிற கேமரா. மறுநாள் இருட்டோடு வந்த உப்பளத்துச் சனம் தூக்குவாளியோடு கீழே நின்று, அண்ணாந்து பார்த்து, இந்தப் பக்கம் போய்ப் பார்த்து, அந்தப் பக்கம் போய்ப் பார்த்து, பசியோடு வேலைக்குப் போனது. மக்கள் விளம்பரத்தை விட்டு நகர மனமில்லாமல் நிற்கிறார்கள் என்று மையம் அறிக்கை விட்டது. கண்ணாயிரத்துக்கு விழுப்புரத்தில் பாராட்டு விழா நடந்தது.

சவரியம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். "வெறும் வயித்துல இறங்கி ரெண்டு பேரு பாத்தியில மயங்கி வுழுந்துட்டாளுங்கடி. நீ என்னடான்னா கண்ணாடிச் சட்டத்தை செவுத்துல மாட்டிக்கிட்டு வூட்டுல உக்காந்திருக்கே. அந்த ரோகனா வந்து எங்களுக்குச் சோறு போடுவான்?"

அடுத்த விடியலில் ஜுவைரியா குண்டானையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு போய், பலகைக்குப் பின்னால், இரண்டு இரும்புக் காலுக்கு நடுவில் வைத்தாள். முன்பக்கம் ரோகன் சிரித்துக்கொண்டிருக்க, பின்பக்கம் இட்லி வெந்தது. ஒரே வாரத்தில் பழைய வரிசை மொத்தமும் அங்கே திரும்பிவிட்டது.

எட்டாம் நாள் காலையில் கூட்டத்துக்கு நடுவில் போன் அடித்தது. கண்ணாயிரம்தான். அவர் குரலில் அப்படி ஒரு கவலை.

"ஜுவைரியாம்மா, பதட்டப்படாதீங்க. ஒரு கெட்ட சேதி. உங்க பலகைக்குப் பின்னாடி எவளோ ஒருத்தி திருட்டுத்தனமா சோறு விக்கிறா. கேமராவுல தெளிவா தெரியுது, உச்சந்தலை மட்டும்தான் தெரியுது. உங்க பேரைப் பாத்து வர்ற ஜனத்தையெல்லாம் அவ மடக்கிடறா. விளம்பரத்தை எவனும் பாக்கிறதே இல்ல."

ஜுவைரியா கரண்டியைக் கீழே வைத்தாள். எதிரில் சவரியம்மாள் தூக்குவாளியை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"மையம் உங்க பக்கம் இருக்குது," என்றார் கண்ணாயிரம். "ஒரு புகார் மட்டும் சொல்லுங்க, சாயந்திரத்துக்குள்ள தூக்கிடறோம். அவளை உங்களுக்குத் தெரியுமா? எப்படிப்பட்ட பொம்பளை?"

"தெரியும் சார். நல்லாவே தெரியும்," என்றாள் ஜுவைரியா. "முன்னெல்லாம் நீங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டுதான் இருந்தா. இப்ப ரொம்பப் பொல்லாதவளா ஆயிட்டா. நீங்க ஜீப்பு எடுத்துக்கிட்டு வந்தாலும் எழுந்திரிக்க மாட்டா சார்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, சவரியம்மாளின் தூக்கை வாங்கினாள்.